நாலு மணிக்கு மேல் பிள்ளை யாரோடு இருக்கிறாள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் ஏழாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். ஊட்டிப் பக்கம் ஒரு தனியார் இருபாலர் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. தினம் வீட்டிலிருந்து போய்வரும் டே ஸ்காலராகவும் சேரலாம், விடுதியில் தங்கிப் படிக்கும் போர்டராகவும் சேரலாம் என்கிறார்கள். வீடு கோத்தகிரியில். நீங்கள் வங்கி வேலை, கணவர் எஸ்டேட் வேலை, வீட்டில் மாமியார் இருக்கிறார். எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "விடுதியில் விட்டால் பிள்ளை நம் கையை விட்டுப் போய்விடுவாளோ என்று என் மாமியார் பயப்படுகிறார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் மாமியாருக்கு மட்டும் இல்லை என்று எனக்குப் படுகிறது. நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் கணக்கு டீச்சர். மலையில் இரண்டு பள்ளிகளில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். இரண்டிலும் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் உண்டு, தங்கிப் படிப்பவர்களும் போய்வருபவர்களும் உண்டு. அதில் பதினோரு வருஷம் பெண்கள் விடுதியின் பொறுப்பாளராக, அந்தக் கட்டடத்திலேயே ஓர் அறையில் குடியிருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி "மிஸ், வயிறு வலிக்குது" என்று நிற்கும் பிள்ளைகளைப் பார்த்த அனுபவம் அது. என் அறிவு அவ்வளவுதான். உங்கள் மகளை நான் பார்த்ததில்லை, அதனால் அவளைப் பற்றிச் சொல்வதை எல்லாம் ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் பழைய கதை தேவைப்படுகிறது. நம் மலைகளில் இந்த மாதிரிப் பள்ளிகள் தொடங்கப்பட்டதே தங்கிப் படிப்பதற்காகத்தான். லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858இல் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்காக, அநாதைக் குழந்தைகளையும் சேர்த்து, தொடங்கப்பட்டது. இன்று கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாக இருப்பது 1901இல் அமெரிக்க மிஷனரிகளின் குழந்தைகளுக்காக ஆரம்பித்தது. அப்பா அம்மா தூரத்தில் இருந்தார்கள், சமவெளி வெயில் பிள்ளைகளுக்கு ஆகாது என்று நம்பினார்கள், அதனால் மலையில் ஒரு வீடு மாதிரிப் பள்ளியைக் கட்டினார்கள். நான் வேலை பார்த்த இரண்டு இடங்களிலும் உள்ளூர்ப் பிள்ளைகளை டே ஸ்காலர்களாகச் சேர்த்தது பிற்பாடுதான். அதனால்தானோ என்னவோ, மணி அடிக்கும் நேரம், நாடக ஒத்திகை, விளையாட்டு என்று எல்லாமே தங்கியிருக்கும் பிள்ளையை மனதில் வைத்தே அமைந்திருந்தன. டே ஸ்காலர் அதற்குள் தனக்கு ஓர் இடம் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. நீங்கள் பார்க்கும் பள்ளியிலும் அப்படியா என்பதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

விடுதிப் பிள்ளையின் நாள் எப்படிப் போகும் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் விடுதியில் காலை ஐந்தே முக்காலுக்கு மணி. பாய்லர் வெந்நீருக்கு வரிசை. முதல் பத்துப் பேருக்கு நல்ல சூடு, பிறகு வெதுவெதுப்பு, கடைசியில் வருபவள் பல்லைக் கடித்துக்கொண்டு குளிப்பாள். பி.டி., காலை உணவு, பிரார்த்தனை, வகுப்புகள். மூன்றரைக்கு டீயும் பன்னும். பிறகு விளையாட்டு. ஆறரைக்குப் பிரெப், அதாவது ஒரு ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து சத்தமில்லாமல் படிக்கும் நேரம். எட்டு மணிக்கு மெஸ். ஒன்பதரைக்கு விளக்கு அணைப்பு. விளக்கு அணைத்ததும் யாரும் தூங்கிவிட மாட்டார்கள். அந்த அரை மணி நேரக் கிசுகிசுப்பில்தான் பாதி நட்பு உருவாகும், பாதிச் சண்டையும். ஜூன், ஜூலை மழையில் துணி காயவே காயாது. ஒவ்வொரு துணியிலும் தைத்திருக்கும் எண்ணைப் பார்த்து டோபி பிரித்துக் கொடுப்பார். ஈர வாடை அடிக்கும் சாக்ஸை பாய்லர் அறைக் கம்பியில் மாட்டிவைத்துக் காலையில் சண்டை போட்டு எடுப்பார்கள். பன்னிரண்டு வயதில் தன் துணிக்குத் தானே பொறுப்பு என்பது சின்ன விஷயம் இல்லை. முதல் மாதத்தில் ஒரு ஜோடி சாக்ஸுக்காக அழுதவள், மூன்றாம் மாதத்தில் புதிதாக வந்தவளுக்குப் பெட்டி அடுக்கச் சொல்லிக் கொடுத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டே ஸ்காலரின் நாளைப் பற்றி இவ்வளவு விவரமாக யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அவளுக்குப் பள்ளி நாலேகாலுக்குப் பஸ் வந்ததும் முடிந்துவிடும். போர்டர்களுக்கு அப்போதுதான் பள்ளியின் மறுபாதி தொடங்கும். மறுநாள் காலையில் எல்லோரும் சிரிக்கும் விஷயம் முந்தின ராத்திரி மெஸ்ஸில் நடந்ததாக இருக்கும், இவளுக்குப் புரியாது. இதை ஈடு செய்வது பல நேரம் டிபன் பாக்ஸ்தான். என் வகுப்பில் ஒரு படுகப் பெண் வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுவருவாள். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கிக் கிடக்கும் நாலு போர்டர்கள் திங்கட்கிழமை அவளைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து அவள் அம்மா அடுக்கு டிபன் கேரியரில் அனுப்ப ஆரம்பித்தார். அந்தக் கேரியர்தான் அவளை அந்தக் கூட்டத்தில் சேர்த்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன். இன்னொரு வருஷம் பருவமழையில் சாலையில் மரம் விழுந்து பஸ் போக முடியவில்லை. மூன்று டே ஸ்காலர்கள் அன்றிரவு எங்கள் விடுதியில், தரையில் மெத்தை போட்டு, கடன் வாங்கிய ஸ்வெட்டரோடு தூங்கினார்கள். ஒரே ஒரு ராத்திரி. மறுநாளிலிருந்து அந்த மூன்று பேரையும் மற்றவர்கள் கூப்பிடும் குரலே வேறு மாதிரி இருந்தது. அப்புறம்தான் எங்கள் பள்ளியில் டே ஸ்காலர்கள் வருஷத்தில் சில நாள் விடுதியில் தங்கலாம் என்று ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்டு வாங்கினேன்.

சாலை என்று வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. கோத்தகிரியிலிருந்து ஊட்டிப் பக்கம் பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பல இடத்தில் ஏற்றி இறக்கினால் கூடும். வளைவுச் சாலையில் வாந்தி வரும் பிள்ளை என்றால் முதல் இரண்டு வகுப்பு அவளுக்குப் போனதுதான். மழைக்காலச் சாலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2009 நவம்பர் நிலச்சரிவை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

இனி வீட்டு நினைப்பு. இதில் உறுதியாகத் தெரிந்தவை சில உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாதமி 2007இல் இதைப் பற்றியே ஒரு வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டது. வீட்டை விட்டுப் போகும் பிள்ளைகளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏதோ ஓர் அளவில் இந்த ஏக்கம் வரும், அது நோய் இல்லை, இயல்பு என்று அது சொல்கிறது. போவதா வேண்டாமா என்ற முடிவில் பிள்ளைக்கும் பங்கு வேண்டும், முன்கூட்டியே வெளியே தங்கிப் பழக வேண்டும், "பிடிக்கவில்லை என்றால் உடனே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இந்தக் கடைசி விஷயத்தை என் அனுபவம் அப்படியே ஆமோதிக்கிறது. அந்த வாக்கை வாங்கிக்கொண்டு வந்த பிள்ளை ஒவ்வொரு நாளையும் "இன்றைக்குக் கூப்பிடலாமா" என்றே கழிப்பாள், பக்கத்துக் கட்டில்காரியின் பெயரைக்கூடக் கேட்க மாட்டாள். முதல் ராத்திரிதான் கஷ்டம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை முதல் ராத்திரி புதுமையிலேயே போய்விடும். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் கடினம். வகுப்பு இல்லை, மூடுபனி, எங்கோ ஒரு ரேடியோ சத்தம். அப்போதுதான் அழுகை வரும்.

இந்த விஷயத்தில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். முதல் பள்ளியில் புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வாரம் வீட்டோடு போன் பேச அனுமதி இல்லை, அப்போதுதான் பழகுவார்கள் என்று ஒரு வழக்கம். நானும் கேள்வி கேட்காமல் கடைப்பிடித்தேன். ஒரு பெண் அந்த இரண்டு வாரமும் அமைதியாக இருந்தாள். நன்றாகப் பழகிக்கொண்டாள் என்று அவள் அம்மாவுக்கு நானே கடிதம் எழுதினேன். மூன்றாம் வாரம்தான் தெரிந்தது, குளியலறை வரிசையில் மூன்று சீனியர்கள் அவளைத் தினமும் கடைசிக்குத் தள்ளி, அவள் வாளியில் சோப்புத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தார்கள். யாரிடமும் சொல்ல வழியில்லாததால் பேசாமல் இருந்திருக்கிறாள். பேசாத பிள்ளை பழகிவிட்ட பிள்ளை என்று எண்ணக் கூடாது என்பதை அவளிடம் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் பொறுப்பில் இருந்தவரை முதல் வாரத்திலேயே, அவசரமில்லாமல், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டோடு பேசவிட்டேன். அழுதார்கள்தான். அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு விளையாடப் போனார்கள்.

மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். இங்கேதான் தெரிந்ததும் தெரியாததும் கலந்து கிடக்கிறது. பிரிட்டனில் ஜாய் ஷவேரியன் என்ற உளவியல் சிகிச்சையாளர், சின்ன வயதிலேயே விடுதியில் விடப்பட்டவர்கள் பெரியவர்களான பின் நெருக்கத்துக்கே அஞ்சுகிறார்கள், உணர்ச்சிகளை மூடிவைக்கிறார்கள் என்று கவனித்து, 2011 வாக்கில் அதற்கு 'போர்டிங் ஸ்கூல் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். இது மருத்துவப் பட்டியலில் உள்ள நோய் இல்லை. சிகிச்சை தேடி வந்தவர்களை வைத்துச் சொன்னது, அதுவும் பெரும்பாலும் ஏழு எட்டு வயதில் அனுப்பப்பட்ட தலைமுறையைப் பற்றியது. இன்னொரு பக்கம், ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ மார்ட்டினும் அவருடன் இருந்தவர்களும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். தங்கிப் படிப்பவர்களும் போய்வருபவர்களும் படிப்பு ஆர்வத்திலும் மனநலத்திலும் பெரும்பாலும் சமமாகவே இருந்தார்கள், சில அம்சங்களில் மட்டும் தங்கிப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் சாதகம். அது நம் ஊர் ஆய்வு இல்லை, நம் குடும்பங்கள் வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: ஏழு வயதுப் பிள்ளையை அனுப்புவதும் பதின்மூன்று வயதுப் பிள்ளையை அனுப்புவதும் ஒன்றல்ல. ஏழு வயதில் என்னைக் கேட்டிருந்தால் வேண்டவே வேண்டாம் என்றிருப்பேன். பதின்மூன்றில், பிள்ளைக்கு விருப்பம் இருந்தால், அது மட்டும் ஒரு உறவை முறித்துவிடும் என்று நான் நம்பவில்லை.

ஆனால் ஒன்று மாறும், அதை மறைக்க மாட்டேன். முதல் பருவ விடுமுறை முடிந்து மகளைத் திரும்பக் கொண்டுவந்து விட வந்த ஓர் அம்மா என் அறையில் உட்கார்ந்து அழுதார். "மிஸ், எங்க வீட்டு ஃபிரிட்ஜைத் திறக்க என்கிட்ட பர்மிஷன் கேட்டா" என்றார். இரண்டு நாள் பெட்டியைப் பிரிக்காமல் கட்டிலடியில் வைத்திருந்தாளாம், போர்வையை விடுதியில் மடிக்கிற மாதிரி மடித்தாளாம். மூன்றாம் நாள் காலையில் "அம்மா, இன்னொரு தோசை" என்று கத்தினாளாம், அதற்கும் சேர்த்து அழுதார். முதல் வருஷம் இது நடக்கும். வீட்டுக்கு வந்ததும் மார்க்கும் நடத்தையும் கேட்காமல், இரண்டு நாள் சும்மா இருக்கவிட்ட வீடுகளில் பிள்ளை சீக்கிரம் திரும்பி வந்தாள். வாரம் தவறாமல் கடிதமோ போனோ வந்த பிள்ளைகள், அதில் ஊர்ச் சேதி வந்த பிள்ளைகள் விலகிப் போகவில்லை. பாட்டியின் முழங்கால் வலி, நாய் குட்டி போட்டது, பக்கத்து வீட்டில் சுவர் எழுப்புகிறார்கள், இந்த மாதிரிச் சேதி. "நன்றாகப் படி" என்று மட்டுமே வந்த கடிதங்களைப் பிரித்த கையோடு மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார்கள். விலகிப்போன சில பிள்ளைகளையும் பார்த்தேன். அவர்களில் பலர் வீட்டில் ஏதோ சண்டை நடக்கும்போது அந்தச் சண்டையிலிருந்து ஒதுக்கிவைக்க அனுப்பப்பட்டவர்கள்.

ஆண் பிள்ளைகளோடு ஒரே பள்ளி என்பதில் உங்கள் கணவருக்குத் தயக்கம் என்று ஜாடையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த இப்படிப்பட்ட பள்ளிகளில் விடுதிகள் தனித்தனிக் கட்டடம், வகுப்பும் மெஸ்ஸும் பொது. தலை சீவாமல், பற்பசை ஒட்டிய முகத்தோடு காலை உணவுக்கு வரும் பையனைத் தினம் பார்க்கும் பெண்ணுக்கு அவன் மேல் பெரிய மயக்கம் வருவதில்லை. அண்ணன் தம்பி இல்லாத பெண்கள் ஆண்களிடம் சாதாரணமாகப் பேசக் கற்றுக்கொள்வதைப் பெரிய லாபமாகவே நினைக்கிறேன். ஈர்ப்பே வராது என்று சொல்லவில்லை, அந்த வயதில் எங்கே இருந்தாலும் வரும். ஆனால் சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதத்துக்கு மதிப்பில்லை. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் கொடுக்காமல் மறைப்பதும் குற்றம். பள்ளியின் பெயர் கெடும் என்று மூடி மறைக்கும் நிர்வாகத்தைவிட, "இப்படி ஒன்று நடந்தது, இப்படிக் கையாண்டோம்" என்று வாய் திறந்து சொல்லும் நிர்வாகத்தை நம்பலாம்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது நீச்சல் குளத்தையும் ஆடிட்டோரியத்தையும் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பெண்கள் விடுதிக்குள் தூங்கும் பெரியவர் யார் என்று கேளுங்கள். அவரை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் எந்த அறை, எந்த நர்ஸ், எத்தனை மணிக்குள் உங்களுக்குப் போன் வரும்? முதல் மாதவிடாய் விடுதியில் வந்தால் பிள்ளை யாரிடம் போவாள்? சீனியர் மேல் புகார் சொல்ல, அந்த சீனியருக்குத் தெரியாத வழி உண்டா? 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதியிருக்கிறதா? தமிழ்நாட்டில் பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளை முறைப்படுத்த 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, விடுதிக்குப் பதிவு இருக்கிறதா என்று கேட்கத் தயங்க வேண்டாம். முடிந்தால் குளியலறையை எட்டிப் பாருங்கள். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்பதில் அந்த விடுதியைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். கட்டண விஷயத்தில், சொன்ன தொகைக்கு மேல் சலவை, சுற்றுலா, ஸ்வெட்டர், கைச்செலவு என்று என்னென்ன வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு என்ன சொல்வேன்? எனக்கு முக்கியமாகப் படுவது நாலு மணியிலிருந்து தூங்கும்வரை உள்ள நேரம். அந்த நேரத்தில் அவளோடு இருப்பது யார், அவளோடு பேசுவது யார்? நீங்களும் கணவரும் ஏழரைக்கு மேல்தான் வருகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பூட்டிய வீட்டுக்குத் திரும்புகிற பிள்ளையாக இருந்தால் யோசிக்காமல் விடுதி என்பேன். உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறார். ஐந்தரைக்குக் களைத்து வரும் பேத்திக்குக் காப்பி கலந்து கொடுத்து, "இன்னைக்கு என்ன ஆச்சு" என்று கேட்க ஓர் ஆள் இருப்பது பெரிய விஷயம். அதனால் எட்டாம் வகுப்பை டே ஸ்காலராகத் தொடங்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் மாலை விளையாட்டிலோ நாடகத்திலோ ஏதாவது ஒன்றில் அவள் இருந்தாக வேண்டும், அதற்காக வாரத்தில் இரண்டு நாள் நீங்களே போய் அழைத்துவர வேண்டியிருந்தாலும் சரி. டே ஸ்காலர் இடையில் விடுதிக்கு மாற அனுமதி உண்டா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் அவளே கேட்டால், நல்ல மனதோடு அனுப்புங்கள். சாலைப் பயணம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ, பாட்டியின் உடல்நிலை இடம் கொடுக்கவில்லை என்றாலோ நான் சொன்ன வரிசை தலைகீழாகிவிடும்.

எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் கோடை விடுமுறையில் ஒரு வேலை செய்து பாருங்கள். கோயம்புத்தூரில் அத்தை வீடு இருக்கிறது என்று சொன்னீர்களே, அங்கே அவளை மட்டும் நாலு ராத்திரி தங்கவிடுங்கள். துணியை அவளே அடுக்கட்டும், தினமும் போன் வேண்டாம், நடுவில் ஒருமுறை போதும். ஐந்தாம் நாள் கூட்டிக்கொண்டு வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு கேளுங்கள்: எப்படி இருந்தது, ராத்திரி என்ன நினைத்தாய், இப்படி மூன்று மாதம் இருக்க முடியுமா? அவள் சொல்வதைக் கேட்க மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.